கடலுக்குக் கேட்கும் குரலை அணைத்துவிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் செல்பேசியில் வந்துவிட்ட பிறகு வானொலி எதற்கு?" என்று மேடையிலிருந்து கேட்கப்பட்டது; அதற்குப் பதில் சொல்ல எழுந்த, ராமேசுவரம் அருகேயுள்ள தங்கச்சிமடத்துப் பெரியவர், பேசி முடிப்பதற்குள் உட்காரவைக்கப்பட்டார். அவர் சொல்ல வந்ததை நான் சொல்கிறேன். கரையிலிருந்து கடலுக்குப் போய்ச் சேரும் குரல் ஒன்று மீனவர்களான எங்களுக்கு வேண்டும். அது வானொலியில் இருக்கிறது, செல்பேசியில் இல்லை.

வல்லம் என்னும் எங்கள் நாட்டுப்படகு கரையைவிட்டு விலக விலகச் செல்பேசியின் சிக்னல் தேய்ந்து, பிறகு அறவே போய்விடுகிறது. வானொலியின் மத்திய அலை (மீடியம் வேவ்) அப்படியன்று. நிலத்தின் மேல் செல்வதைக் காட்டிலும் உப்புநீரின் மேல் அது குறைந்த இழப்போடு நெடுந்தூரம் செல்லும். இலங்கைக்கும் கேட்கும்படி தூத்துக்குடியில் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பியை நிறுவியவர்கள் இதைத் தெரிந்துதான் நிறுவினார்கள். ஒரு கோபுரத்திலிருந்து புறப்படும் ஒலியைப் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் நெரிசல் இல்லை, மாதக் கட்டணம் இல்லை.

என் அப்பா டிரான்சிஸ்டரைப் பாலித்தீன் பையில் சுற்றி வல்லத்தில் எடுத்துப் போவார். கரையில் இருக்கும் நாள்களில், இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் குரலோ அப்துல் ஹமீதின் குரலோ எங்கள் தெரு முழுக்க ஒரே நேரத்தில் கேட்கும். ஆனால் மாநிலச் செய்தி முடிந்து வானிலை அறிக்கை தொடங்கினால் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற வரி காதில் விழுந்த மறுகணம், அம்மா அடுத்த தெருவுக்கு ஓடிப்போய்ச் சித்தப்பா வீட்டில் சொல்லிவிட்டு வருவார். இதைப் பழங்கதை என்று ஒதுக்குகிறவர்கள், 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாகப்பட்டினம், புதுக்கோட்டைக் கரைகளில் மின்சாரமும் செல்பேசிக் கோபுரங்களும் நாள்கணக்கில் செயலிழந்து கிடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செயற்கைக்கோள் வந்துவிட்டதே என்பார்கள். செயற்கைக்கோள் வானொலியும் இந்தியாவுக்கு வந்து போயிற்று. வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஏசியாஸ்டார் செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது; ஒலி துல்லியமாக இருந்தது, தமிழ் அலைவரிசையும் இருந்தது. தாய் நிறுவனம் திவாலானது; 2009 டிசம்பர் 31உடன் இந்தியச் சேவை நின்றது. சந்தா கட்டியவர்கள் வாங்கிய கருவிகள் வேறு எந்தச் செயற்கைக்கோள் வானொலியையும் தர முடியாமல் போயின. ஒரே நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தை நம்பிக் கடலுக்குப் போக முடியாது.

படகிலிருந்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பரிமாற உதவும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கருவி பற்றிக் கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு அதை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். அதில் புயல் எச்சரிக்கை வரும். ஆபத்தில் கரைக்குச் செய்தியும் அனுப்பலாம். வானொலியால் அது முடியாது. ஆனால் அது படகுக்கான கருவி. இடுப்பளவு நீரில் பாசி எடுக்கும் பெண்களுக்கும் கரைவலை இழுப்பவர்களுக்கும் அது எப்படி உதவும்? இரண்டு கையும் வலையில் இருக்கும்போது திரையைப் படிக்க முடியாது; குரலைக் கேட்க முடியும். நார்வே 2017இல் பண்பலையை (எஃப்.எம்.) மூடியதைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே தேசிய நிலையங்கள் டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மாறின, வானொலியைக் கைவிடவில்லை.

"யார் கேட்கிறார்கள்?" என்ற கேள்வியை நான் பொருட்படுத்தப் போவதில்லை. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றபோது, கேட்டுக்கொண்டிருந்த எங்களை யாரும் கேட்கவில்லை. எப்போதும் இதுதான் நடக்கிறது. கடலைப் பற்றிய முடிவுகள் கடலுக்குப் போகாதவர்களால் எடுக்கப்படுகின்றன. தொழிலுக்குப் போகிறவன் எழுந்து பேசினால் நேரமில்லை என்கிறார்கள். இலங்கையுடனான கடல் எல்லைக் கோட்டிலும் எங்களை யாரும் கேட்கவில்லை, மானிய டீசலிலும் கேட்கவில்லை. ஒரு முதியவருக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 ஒலிக்கிறது. மீனவர்களுக்கான சமுதாய வானொலி அது. ஆனால் சமுதாய வானொலிக்கு விதிப்படி கிடைக்கும் ஆற்றல் பொதுவாக 100 வாட்தான். அந்த ஒலி எத்தனை தூரம் கடலுக்குள் போகும்? கடலோர நிலையங்களுக்கு மட்டுமாவது அந்த வரம்பை உயர்த்த வேண்டும். மத்திய அலை ஒலிபரப்பிகளைக் கைவிடும் முன் கடலோர ஊர்களில் கருத்துக் கேட்க வேண்டும். செல்பேசிகளில் பண்பலை வசதியை முடக்கக் கூடாது என்று 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு தந்த அறிவுரையைக் கட்டாய விதியாக்க வேண்டும். இம்மூன்றையும் மனுவாக எழுதிவிட்டேன். தொண்டி முதல் மூக்கையூர் வரை, கையெழுத்திட விரும்புகிறவர்கள் கருத்துப் பகுதியில் ஊர்ப் பெயரைக் குறிப்பிடுங்கள். தாளுடன் நானே வருகிறேன்.