ஆறு வண்டியில் நாலாவது

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் பேச்சை எடுத்தாலே நம்ம நாகர்கோவில் நண்பர்கள் வட்டத்தில் ஒரே பதில்தான் வரும்: "ஓடுனதே ஆறு வண்டி. அதுல நாலாவது வந்தது ஒரு சாதனையாலே?"

2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த பந்தயத்தைத்தான் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை பயிற்சியில் 13-ஆம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் போய், கார் சுவரில் மோதியது. எங்கள் டயர் இந்த வளைவைத் தாங்கும் என்று மிச்செலின் நிறுவனத்தால் உறுதி சொல்ல முடியவில்லை. பந்தய நாளில் அந்த டயர் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று சும்மா ஓடிவிட்டு ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் ஆறு கார்கள்தான் மிச்சம். நரேன் நாலாவது வந்து 5 புள்ளி எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அவ்வளவுதான்.

கிண்டல் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சரியான இடத்தில் செய்யுங்கள். நரேன் ஓட்டிய அதே ஜோர்டான் அணிக் காரில் அவருடைய சகா டியாகோ மொன்டெய்ரோ அன்று மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். ஆறு வண்டி என்பதை விட இதுதான் உறைக்க வேண்டிய விஷயம். இதை நம்ம ஆட்கள் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அந்தப் பந்தயத்தை யாரும் பார்க்கவில்லை.

குமரி மாவட்டத்தில் டிரைவர் வேலை என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு வளைகுடாவில் வண்டி ஓட்டிய ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். ஓட்டுகிறவனுக்குச் சம்பளம், வண்டி வைத்திருப்பவன் முதலாளி. ரேஸில் பெரும்பாலும் இது தலைகீழ். கீழ் நிலைகளில் ஓட்டுகிறவன்தான் அணிக்குக் காசு கொண்டுவர வேண்டும். சிறிய ஃபார்முலா ஒன் அணிகளிலும் அன்றைக்கு பெரும்பாலும் அப்படித்தான். நரேனுக்குப் பின்னால் டாடா நிறுவனம் நின்றது. அதற்கும் முன்னால் அப்பா நின்றார். ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலி என்ற கார் பந்தயத்தைப் பலமுறை வென்றவர். ஊரோ கோயம்புத்தூர், இந்தியாவிலேயே ஃபார்முலா கார் கட்டிப் பழகிய கரிவரதன் இருந்த ஊர். திறமை நரேனுடையதுதான். ஆனால் அந்தத் திறமை இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு ஊரும் ஒரு அப்பாவும் தேவைப்பட்டார்கள். எங்கள் மாவட்டத்துக் குலசேகரத்தில் பிறந்திருந்தால் நல்லா ஜீப் ஓட்டுவான் என்று பெயர் எடுத்திருப்பார், அவ்வளவுதான்.

2011-இல் ஹெச்ஆர்டி என்ற அணியில் மறுபடி ஃபார்முலா ஒன். கார் எப்படி என்றால், 2011, 2012 இரண்டு வருடமும் மெல்போர்னில் முதல் பந்தயத்துக்குத் தகுதி பெறவே முடியவில்லை. மிக வேகமானவர் எடுத்த நேரத்தின் 107 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும் என்பது விதி. அணியின் இரண்டு கார்களாலும் அதற்குள் ஓட முடியவில்லை. 2011 நடுவில் அவரை இறக்கிவிட்டு டேனியல் ரிக்கார்டோவை ஏற்றினார்கள். அப்புறம் அந்த வருடம் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீக்கு மட்டும் கூப்பிட்டார்கள். 2012 முடிந்ததும் அணியே மூடப்பட்டது. நம்ம பத்திரிகைகளும் அவரை அத்தோடு மூடிவிட்டன.

எனக்குப் பிடித்த நரேன் அதற்குப் பின்னால் வருகிறவர். 2014-இல், 37 வயதில், ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவுக்குப் போனார். சக்கரம் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைக் கார்களில் ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்து வேகமானவை என்று பேசப்படுபவை அவை. எல்லோருக்கும் டல்லாரா நிறுவனம் செய்த ஒரே மாதிரி சேஸிஸ், அதாவது காரின் உடல். எஞ்சின் ஹோண்டா அல்லது டொயோட்டா. கார் மோசம் என்று சாக்குச் சொல்ல வழி குறைவு. சுசூகா, ஃபுஜி, மொட்டேகி என்று அந்தத் தடங்களிலேயே வளர்ந்த உள்ளூர்க்காரர்களோடு ஓட்ட வேண்டும். ஃபார்முலா ஒன் வாசலில் நின்ற வான்டோர்ன், காஸ்லி மாதிரி இளசுகளும் அங்கே வந்து ஓட்டிவிட்டுப் போனார்கள். நரேன் பட்டம் எதுவும் வெல்லவில்லை. ஆனால் 2018 வரை ஐந்து சீசன் ஓட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம் கூரை போட்ட காருக்கு மாறினார். 2019 நவம்பரில் ஃபுஜியில் ஜப்பானின் சூப்பர் ஜிடி, ஜெர்மனியின் டிடிஎம் என்ற இரண்டு பந்தயத் தொடர்களும் சேர்ந்து நடத்திய பந்தயத்தில் ஜெர்மன் கார்களும் ஜப்பான் கார்களும் நிற்க, ஹோண்டாவில் ஜெயித்தார். வயது 42. நம்ம ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மாதிரி கார்களில் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் ஈர்ப்பு விசையைப் போல நாலு, ஐந்து மடங்கு அழுத்தம் வரும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறேழு கிலோ என்றால் கழுத்து தாங்க வேண்டியது முப்பது கிலோ சுமை, அதுவும் வேகமான ஒவ்வொரு வளைவிலும். ஆரல்வாய்மொழி பக்கம் நாலுவழிச் சாலையில் ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு பறக்கும் தம்பிகளைப் பார்த்து "ஃபார்முலா ஒன் டிரைவர்லே" என்று புகழ்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நேர் ரோட்டில் ஆக்ஸிலேட்டரைத் திருக யாருக்கும் வரும்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அரசு காசு செலவழிப்பதாக இருந்தால் என் கோரிக்கை வேறு. ரேஸ் தடம் இருக்கிற இருங்காட்டுக்கோட்டையும் (சென்னைப் பக்கம்) கோயம்புத்தூரும் எங்களுக்கு ஒரு ராத்திரிப் பயணம். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே எங்காவது சின்னப் பிள்ளைகள் குட்டி ரேஸ் வண்டி ஓட்டிப் பழக முறையான ஒரு கார்ட்டிங் தடம் போடுங்கள். மார்த்தாண்டத்துப் பையன் பன்னிரண்டு வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியட்டும்.