பெனுவா டேவிட்டுக்காக ஒரு புலம்பல்

நேற்று அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. அனுப்பியவர் பெயர் வேண்டாம். "ஃப்ளை ஃப்ரம் ஹியர் இப்பதான் ஆல்பம் மாதிரி இருக்கு, பழசை அழிச்சுட்டேன்" என்கிறார். கூடவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

2011இல் யெஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு வெளியிட்ட அந்த ஆல்பத்தில் பாடியவர் டேவிட். குழுவுக்கு ஐம்பது வயதான 2018இல் அதுவே 'ரிட்டர்ன் ட்ரிப்' என்று மறுபடி வந்தது. கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் கிடார் அதே, ஆலன் வொயிட்டின் ட்ரம்ஸ் அதே. டேவிட் பாடிய இடத்திலோ, 1980இல் 'டிராமா' ஆல்பத்தில் மட்டும் பாடிவிட்டுப் போன ட்ரெவர் ஹார்ன். பழைய பாடகர் திரும்பி வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். வந்து புதிதாகப் பாடட்டுமே! இன்னொருத்தர் பாடி முடித்ததன் மேல் எதற்கு?

"முக்கியமான பாட்டே ஹார்னும் கீபோர்டு ஜெஃப் டவுன்ஸும் போட்டதுதானே" என்பீர்கள். சரி, ஆமாம். 1980 சுற்றுப்பயணத்திலேயே மேடையில் வாசித்த பாட்டு. ஹார்ன் நன்றாகவே பாடியிருக்கிறார், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2011 ஆல்பத்துக்குத் தயாரிப்பாளரும் அவர்தானே? அன்றைக்கு டேவிட் பாடியதற்கு ஓகே சொன்னது யாராம்?

குழுவின் முதல் பாடகர் ஜான் ஆண்டர்சன் இடத்தில் நின்ற பாவத்துக்கு இதே ஹார்ன் 1980இல் ரசிகர்களிடம் பட்ட பாடு கொஞ்சமா? பட்டவரே செய்யலாமா?

டேவிட் கனடாக்காரர். யெஸ் பாடல்களையே பாடும் ஒரு குழுவில் இருந்தவரை யூடியூபில் பார்த்துக் கூப்பிட்டது ஸ்குவயர். 2008இல் ஆண்டர்சனுக்கு மூச்சுக் கோளாறு, அதனால் இவர் வந்தார். கடைசியில் இவருக்கும் அதே மூச்சுக் கோளாறு, 2012இல் வேறு ஆள். பாடிய காலமெல்லாம் "காப்பி பாடகர்" என்ற நக்கல் வேறு.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்கலாம். வேலை இல்லாத நாட்களில் எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பாடினேன். மெயின் பாடகருக்குத் தொண்டை போய், ஆறு மாதம் எல்லாக் கோயில் கொடைக்கும் நான்தான். அவர் திரும்பி வந்தபோது அடுத்த கொடைக்கு போஸ்டர் அடித்தாகிவிட்டது. புதிதாக அடிக்கக் காசு எதற்கு என்று, அவர் பெயரைத் துண்டுக் காகிதத்தில் அடித்து என் பெயர் மேல் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியதும் நானேதான். "தம்பி, கோணாம ஒட்டு" என்றார் மேனேஜர். அவர் பாடக்கூடாது என்றா சொன்னேன்? தாராளமாகப் பாடட்டும். என் பெயர் மேல் எதற்கு?

"2011 சிடியை யாரும் பிடுங்கலையே, போட்டுக் கேளு" என்று கமெண்டில் ஒருவர் வருவார். இருக்கிறதுதான். அந்தத் துண்டுக் காகிதத்துக்கு அடியில் என் பெயரும் இருந்தது. வெயிலில் பசை காய்ந்து ஓரம் தூக்கினால், முதல் இரண்டு எழுத்து தெரியும்.