ஆக்சசிபிலிட்டியை ஆஃப் பண்ணிட்டு வரணுமாம்

மறுபடியும் ஒரு அப்டேட் விட்டுட்டானுங்க. பேங்க் ஆப்பைத் திறந்தா நேரா ஒரு செவப்பு பெட்டி, "உங்கள் போனில் ஆக்சசிபிலிட்டி பர்மிஷன் ஆனில் உள்ளது, பாதுகாப்பு கருதி ஆஃப் செய்யவும்"னு. கீழ ஒரே ஒரு பட்டன், வெளியேறு. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதோட அர்த்தம் என்னன்னு அந்த வரியை எழுதினவன் ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பானா?

எனக்கு கழுத்துக்கு கீழ எதுவும் அசையாது. வீல்சேர்ல கிளாம்ப் மாட்டி போனை மூஞ்சிக்கு நேரா நிறுத்தி வச்சிருக்கேன். வாய்ஸ் ஆக்சஸ் ஆன்ல இருந்தா ஸ்கிரீன்ல ஒவ்வொரு பட்டன் மேலயும் குட்டியா ஒரு நம்பர் வரும், "டேப் செவன்"னு சொன்னா அந்த பட்டன் அமுங்கும். அது ஓடுறதே அந்த ஆக்சசிபிலிட்டி பர்மிஷன்லதான், அதாவது ஸ்கிரீனைப் படிச்சு நமக்குப் பதிலா பட்டனை அமுக்க ஒரு ஆப்புக்கு நாம குடுக்கற அனுமதி. அதுதான்டா என் விரல்! விரலைக் கழட்டி வச்சுட்டு வந்து பணம் அனுப்புன்னா எப்படி அனுப்புறது?

அன்னைக்கு ஒண்ணாந்தேதி. என்னைப் பாத்துக்கற அண்ணனுக்கு சம்பளம் போடணும், அவரு வீட்டு ஓனர் வாடகை கேட்டு காலையிலேர்ந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்காரு, அண்ணன் பாவம் எதுவும் கேக்காம எனக்கு இட்லி ஊட்டிக்கிட்டு நிக்கறாரு. சரின்னு கஸ்டமர் கேருக்கு போட்டேன். தமிழுக்கு ரெண்டை அழுத்தவும்னுச்சு, போன் கால் ஓடும்போது குரல்ல நான் எங்க அழுத்தறது, அண்ணன்தான் அழுத்தினாரு. மியூசிக் மியூசிக் மியூசிக், அப்புறம் ஒரு பொண்ணு வந்துச்சு. "சார், செட்டிங்ஸ் போய் ஆக்சசிபிலிட்டி ஆஃப் பண்ணிட்டு ட்ரை பண்ணுங்க சார்." அம்மா, ஆஃப் பண்ணா என்னால போனைத் தொடவே முடியாதும்மா. "டெம்பரவரியா ஆஃப் பண்ணிட்டு ட்ரான்சாக்ஷன் முடிச்சதும் ஆன் பண்ணிக்கலாம் சார்." ஆஃப் பண்ணிட்டு ட்ரான்சாக்ஷனை யாரும்மா பண்றது? கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் வந்துச்சு பாருங்க, நம்ம எல்லாரும் கேட்டு கேட்டு புளிச்சுப் போன அந்த வரி. "கூட யாராவது இருப்பாங்கல்ல சார், அவங்களை பண்ணச் சொல்லுங்க."

யாராவது! பின் நம்பரை யாருக்கும் சொல்லாதீங்கன்னு வாரா வாரம் எஸ்எம்எஸ் அனுப்புறதும் நீங்கதான், யாருகிட்டயாவது சொல்லிப் பண்ணச் சொல்றதும் நீங்கதான். எனக்கு பல் தேய்க்க ஆள் வேணும், புரண்டு படுக்க ஆள் வேணும், கொசு கடிச்சா விரட்டவும் ஆள் வேணும். என் பணத்தை எண்ணி நானே ஒருத்தருக்கு சம்பளம் குடுக்கறது ஒண்ணுதான் நான் தனியா பண்றது, அதையும் புடுங்குறீங்களே!

சரி, அவங்க பக்க காரணமும் தெரியும். வங்கி ட்ரோஜன்னு சொல்ற திருட்டு ஆப்புங்க இந்த பர்மிஷனை வச்சுத்தான் ஸ்கிரீனைப் படிச்சு பணத்தைத் திருடுது, அது உண்மை. அதுக்காக மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்துவீங்களா? எது திருட்டு ஆப், எது எங்க கைத்தடின்னு பிரிச்சுப் பாக்க ஆண்ட்ராய்டுலயே வழி இருக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கான கருவின்னு ஒரு ஆப் தன்னை அறிவிச்சுக்கற வசதி ஆண்ட்ராய்டு 12லயே வந்தாச்சு. முக்கியமான பட்டனையெல்லாம் அப்படி அறிவிச்ச கருவிங்க கண்ணுக்கு மட்டும் காட்டுற வசதி 14ல வந்தாச்சு. அதைப் படிச்சு கோட் எழுத சோம்பேறித்தனம், மொத்தமா எல்லாரையும் வெளிய தள்ளிட்டா வேலை முடிஞ்சுது.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 46வது பிரிவு, சேவை குடுக்கறவன் அரசோ தனியாரோ, விதி வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள எங்களால பயன்படுத்த முடியற மாதிரி பண்ணியே ஆகணும்னு சொல்லுது. விதி 2017 ஜூன்ல வந்துச்சு, கெடு 2019லயே முடிஞ்சுது. ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், பேங்க்ல ஆளை உறுதி பண்ற கேஒய்சிக்கு கண்ணைச் சிமிட்டுன்னா எப்படி சிமிட்டுறதுன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. 2025 ஏப்ரல் 30ல தீர்ப்பு வந்துச்சு, டிஜிட்டல் வசதி கிடைக்கறது அரசியல் சட்டத்தோட 21வது பிரிவு சொல்ற வாழும் உரிமையோட பகுதின்னு. வாழும் உரிமைங்க! அதுக்கு அப்புறமும் ஒரு அப்டேட்ல எங்களை வெளிய தள்ள முடியுதுன்னா, ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி குரல்லயோ சுவிட்ச்லயோ போன் ஓட்டுற ஒரே ஒருத்தர்கிட்ட குடுத்துப் பாக்கலைன்னுதானே அர்த்தம்? கூப்பிடுங்க, நாங்க வர்றோம். காசு குடுத்துக் கூப்பிடுங்க, அதுவும் ஒரு வேலைதான்.

கடைசில அண்ணன் சம்பளம் அன்னைக்கு போகலை. தங்கச்சி ஊர்லேர்ந்து அவ அக்கவுண்ட்ல இருந்து போட்டா, அண்ணன் ஓனர்கிட்ட ரெண்டு பேச்சு வாங்கிட்டுத்தான் வந்தாரு. சாயங்காலம் எஸ்எம்எஸ் வருது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டதுன்னு. எப்படிய்யா தீர்ந்துச்சு? செவப்பு பெட்டி இன்னும் அங்கயேதான் இருக்கு. உங்க யாருக்காவது இதே பிரச்சனைன்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, மொத்தமா சேத்து மாற்றுத்திறனாளிகள் ஆணையர்கிட்ட எழுத்துல குடுக்கலாம், ஒத்த ஆளா கத்தினா புகார் நம்பர்தான் மிஞ்சுது.

இதுல இந்த பதிவை குரல்ல அடிக்கறதுக்குள்ள உயிரு போகுது. அடுத்த தெரு கல்யாண மண்டபத்துல ஸ்பீக்கரை எங்க வீட்டுப் பக்கமா திருப்பி வச்சிருக்கானுங்க, நான் சொல்றது போனுக்கு கேக்கல, பாட்டு வரியெல்லாம் பதிவுக்குள்ள வந்து விழுது, அழிச்சு அழிச்சு தொண்டை கட்டிப் போச்சு. மணி 10 தாண்டியாச்சுய்யா, 10க்கு மேல ஸ்பீக்கர் போடக் கூடாதுன்னும் ஒரு சட்டம் இருக்கு, நிறுத்தித் தொலைங்க.