புறாமலை மேசையில் நிலாவெளிக்கும் ஒரு கதிரை வேண்டும்

"மக்களின் கருத்தைக் கேட்டோம்" என்று அறிக்கையில் எழுதுவது சுலபம். பிரதேச செயலக மண்டபத்தில் ஒரு கூட்டம், வரவுப் புத்தகத்தில் கையெழுத்து, தேநீர், பணிஸ். திட்டம் அதற்கு முன்பே அச்சாகியிருக்கும்.

திருகோணமலையில், நிலாவெளிக் கரைக்கு எதிரே கடலில் நிற்கும் நம்முடைய புறாமலைத் தீவையே எடுத்துக்கொள்வோம். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா, கடலும் சேர்த்து 471 ஹெக்டேயர். 1998இல் கடல் சூடேறித் தெற்கே ஹிக்கடுவைப் பக்க முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) வெளிறிச் செத்தபோது இந்தப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. காக்க வேண்டிய இடம்தான். காவலரும் வேண்டும், கட்டுப்பாடும் வேண்டும்.

ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை படகு, எந்த மாதம் மூடுவது, நுழைவுச் சீட்டுக் காசு எதற்குப் போவது என்பதெல்லாம் வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில். நங்கூரம் விழுந்து எந்தக் கல் உடைந்தது, நீரோட்டம் எப்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்பது தெரிந்தவர்கள் கரையில் நிற்கிறார்கள். முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.

நம் மாவட்டத்துச் சம்பூரில் கட்டவிருந்த அனல் மின் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் உண்டு. மக்கள் கேள்வி கேட்டார்கள், வழக்கும் போனது. 2016இல் அங்கே கட்டப்போவதில்லை என்று அரசே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. (வேறு காரணங்களும் இருந்திருக்கும், அது வேறு கதை.) புதிதாக ஒன்றைக் கட்டும்போது கிடைக்கிற அந்த 30 நாள், இருக்கிற பூங்காவை நடத்தும் விஷயத்தில் நமக்கு இல்லை.

படகுக்காரரைக் கூப்பிட்டால் படகைக் கூட்டத்தான் கேட்பார்கள் என்பார்கள். சரி, கேட்பார்கள்தான். அதற்காகத்தான் கரைவலைக்காரர், சுழியோடிகள், கரையில் கடை போட்டிருக்கும் பெண்கள், பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள் எல்லாரும் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்கிறேன். ஒருவர் ஆசையை மற்றவர் மறிப்பார். சும்மா ஆலோசனை சொல்ல இல்லை, வாக்கோடு. இது புதிதும் இல்லை. ஹிக்கடுவையிலும் அதே தெற்கில் உள்ள ரெக்காவவிலும் 1990களிலேயே ஊராரைச் சேர்த்துக் கரையோர முகாமைத்துவம் செய்து பார்த்திருக்கிறார்கள்.

கூட்டத்தை சீசன் நேரத்தில், படகெல்லாம் கடலில் நிற்கும் முற்பகலில் வைக்காதீர்கள். அறிவித்தல் தமிழில், ஒரு வாரம் முன்னதாக வரட்டும். வரவு செலவை அறிய 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு அலைய வேண்டுமா என்ன? சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒரு பலகையில் மாதாமாதம் எழுதிப் போட்டால் போதும்.