பேர்ல என்ன இருக்குன்னு கேட்டவங்களுக்கு

நேத்து நம்ம செயலிக் கோடு எழுதுற குழுவுல நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீங்க, மறுபடி விவரிக்கலை. மண்டபம் ஊர்த் தங்கச்சி ரிவ்யூவுல, அதாவது ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் சரிபார்க்கிறப்போ, கேட்டது ஒண்ணே ஒண்ணு. "கெட்பேலன்ஸ்னு பேர் இருக்கு, உள்ளே போனா அட்வான்ஸைக் கழிச்சு சேவ் பண்ணுது. பேரை மாத்தலாமாண்ணே?" வந்த பதில்: "பேர்ல என்ன இருக்கு, கோடு ஓடுதுல்ல." அதுக்குக் கீழே வரிசையா சிரிப்பு எமோஜி.

பேர்லதான் எல்லாம் இருக்கு. மெத்தட்னா பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒரு வேலையைச் செய்யிற கோடுத் துண்டு. அதோட பேர், கூப்பிடுறவங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. 'கெட்'னு தொடங்கினா, இருக்கிறதை எடுத்துக் காட்டுவேன், எதையும் தொடமாட்டேன்னு அர்த்தம். பத்துத் தடவை கூப்பிட்டாலும் கணக்கு அப்படியே இருக்கணும்.

இது மீன் ஏலக் கணக்குச் செயலி. படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும், ஐஸுக்கும் டீசலுக்கும் முன்னாடி வாங்கின பணத்தை ஒரே ஒரு தடவை கழிக்கணும். இப்போ இருக்கிற கோடுல, திரையைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் கழியும். படகுக்காரர் மூணு தடவை கணக்கைத் திறந்து பார்த்தா மூணு அட்வான்ஸ் போயிரும். அவர் செஞ்ச தப்பு, தன் கணக்கைப் பார்த்தது.

இந்தக் கோடு ஜாவா மொழியில வேற இருக்கு. அதுல மெத்தட்டுக்குப் பேர் வைக்கிற ஜாவாபீன்ஸ் விதிமுறை தொண்ணூறுகள்லயே வந்தது. அதுல இருந்து கெட், செட், இஸ்னு தொடங்குற பேர்களை லைப்ரரிகளே (மத்தவங்க எழுதித் தயாரா வச்ச கோடு) படிச்சு வேலை செய்யுது. ஜாக்சன்ங்கிற லைப்ரரி ஒரு ஆப்ஜெக்டை ஜேசனா, அதாவது திரைக்கு அனுப்புற எழுத்து வடிவமா, மாத்தும்போது, 'கெட்'னு தொடங்கி, உள்ளே எதுவும் வாங்காம எதையாவது திருப்பித் தர்ற பப்ளிக் மெத்தடை எல்லாம் தானே கூப்பிடும். அப்போ நீங்க ஒரு வரி எழுதாமலே அட்வான்ஸ் கழியும். கோடு முழுக்கத் தேடினாலும் கூப்பிட்ட இடம் கிடைக்காது. மெஷினே பேரைப் பார்த்து நடக்குது, நீங்க பேர்ல என்ன இருக்குன்னு கேக்குறீங்க.

சி ஷார்ப்ங்கிற இன்னொரு மொழியில இதே தப்பை ப்ராபர்ட்டிக்குள்ள (வெளியே வெறும் மதிப்பு மாதிரித் தெரியும், உள்ளே கோடு ஓடும்) பண்ணினா இன்னும் கொடுமை. விஷுவல் ஸ்டுடியோங்கிற கோடு எழுதுற கருவியில கோடை நிறுத்திட்டு வாட்ச் விண்டோவுல அந்த ப்ராபர்ட்டியைப் பார்த்தாலே கெட்டர், அதாவது மதிப்பை எடுத்துத் தர்ற கோடு, ஓடும். பிழையைத் தேடப் போன ஆளே கணக்கை மாத்திட்டு வருவாரு.

அடுத்து அந்த 'இஸ்பெய்டு' ஃபீல்டு. ஆமா, இல்லைன்னு மட்டும் வைக்கிற வகைதான் பூலியன், ஜாவாவுல சின்ன எழுத்துல தொடங்குறது ஒண்ணு, பெரிய எழுத்துல தொடங்குறது ஒண்ணு. சின்ன பூலியனா வச்சு, கெட்டரையும் செட்டரையும் தானே எழுதித் தர்ற லாம்பாக் போட்டா, கெட்டர் 'இஸ்பெய்டு'ன்னும் செட்டர் 'செட்பெய்டு'ன்னும் வரும். ஜேசன்ல சாவி வெறும் 'பெய்டு' ஆயிரும். திரையைக் காட்டுற முன்பக்கக் கோடுல 'இஸ்பெய்டு'ன்னு தேடினா ஒண்ணும் கிடைக்காது, பணம் கொடுத்தவங்க எல்லாரும் கொடுக்காதவங்களாத் தெரிவாங்க. சரின்னு பெரிய பூலியனா மாத்தினா கெட்டர் 'கெட்இஸ்பெய்டு' ஆகும், சாவியும் 'இஸ்பெய்டு'ன்னு மாறும். சின்ன பூலியனாவே வச்சு, ஃபீல்டுக்கு 'பெய்டு'ன்னு மட்டும் பேர் வைங்க. 'இஸ்' மெத்தட்ல தானா வந்துரும்.

நம்ம கரையில சீலான்னா வஞ்சிரம். சென்னையில போய்ச் சீலா கேட்டா ஊளி மீனை எடுத்து வைப்பாங்க. ஒரே பேருக்கு ரெண்டு பொருள் இருந்தா வாங்குறவருக்குத்தான் நட்டம். ஜாவாவுல 'ஆட்' அப்படித்தான் இருக்கு. லிஸ்ட்ல ஆட் போட்டா லிஸ்ட் மாறும். பிக்டெசிமல்ங்கிற எண் வகையில ஆட் போட்டா அது மாறாது, புதுசா ஒண்ணைத் திருப்பித் தரும். அதை வாங்கி வைக்க மறந்தா மொத்தத் தொகை பூஜ்யமாவே நிக்கும். 2014-ல ஜாவா 8-ல லோக்கல்டேட்ங்கிற தேதி வகை வந்தப்போ 'ஆட்டேஸ்'னு வைக்காம 'ப்ளஸ்டேஸ்'னு வச்சாங்க. பழசு மாறாது, புதுசு வரும்னு அந்தப் பேரே சொல்லுது. பைத்தான் மொழியில 'சார்ட்' லிஸ்ட்டையே அடுக்கும், 'சார்ட்டட்' புது லிஸ்ட் தரும். ரெண்டு எழுத்து வித்தியாசம்தான்.

"ஐடிஇ (கோடு எழுதுற கருவி) இருக்கே, உள்ளே போய்ப் படிச்சுக்கலாமே"ன்னு சொல்வீங்க. ஒவ்வொரு மெத்தடையும் உள்ளே போய்ப் படிச்சுத்தான் நம்பணும்னா அதுக்குப் பேர் எதுக்கு? "நேரம் இல்லை"ங்கிறதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை.

"பேரை மாத்தினா கூப்பிடுற இடமெல்லாம் உடையும்"ங்கிறது நியாயமான பயம். அதுக்கு வழி இருக்கு. 'டிடக்ட்அட்வான்ஸ்'னு புது மெத்தட் எழுதி, கழிக்கிற வேலையை மட்டும் அதுக்குள்ள வைங்க. பார்க்க மட்டும் 'கரன்ட்பேலன்ஸ்'னு இன்னொண்ணு. பழைய பேருக்கு, இனி பயன்படுத்தாதீங்கன்னு சொல்ற டெப்ரிகேட்டட் குறி போட்டு, ஜேசன்இக்னோர் குறியும் போட்டுருங்க, அப்போ ஜாக்சன் அதைத் தொடாது. கூப்பிடுற இடங்களை ஒவ்வொண்ணா மாத்துங்க, பணம் கழிய வேண்டிய இடம் எதுன்னு பார்த்து. எல்லாம் முடிஞ்சதும் பழசை எடுத்துருங்க. கண்ணை மூடிட்டு ரீநேம் மட்டும் அடிச்சீங்கன்னா பிழை அப்படியே இருக்கும், பேர்தான் மாறியிருக்கும்.

இதெல்லாம் கூட விடுங்க. "கடற்கரைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராது, அதான் பேரைப் பிடிச்சுத் தொங்குது"ன்னு ஒருத்தர் எழுதினதைத்தான் தாங்க முடியலை. பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தினா, எந்த எண்ணுன்னு பார்த்துத்தான் எங்க ஆளுங்க படகை இழுத்துக் கட்டுவாங்க. ஒண்ணுக்கு ஒரு அர்த்தம், மூணுக்கு வேற அர்த்தம். எண்ணுல என்ன இருக்குன்னு கரையில ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. அந்த வீட்டுல வளர்ந்த பிள்ளை, ஒரு குறி சொல்றதும் நடக்கிறதும் ஒண்ணா இருக்கணும்னு கேக்குது. அதுக்கு நீங்க சிரிச்சீங்க.

அந்தத் தங்கச்சி காலையில தன் கமென்ட்டைத் தானே 'ரிசால்வ்டு', அதாவது தீர்ந்ததுன்னு, போட்டு மூடிட்டா. கோடு மாறலை. அதைத் திரும்பத் திறங்க. டிடக்ட்அட்வான்ஸைத் தனியாப் பிரிச்சு, ரிவ்யூவுக்கு அவளையே போடுங்க.