டாக்டருக்கு 2 வருஷம், சிஸ்டருக்கு 5 வருஷம்

ராத்திரி ஒன்றரை மணி. நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் 2.6, ரொம்பக் குறைவு என்று லேபிலிருந்து ரிப்போர்ட். ட்யூட்டி டாக்டருக்கு ஃபோன் போட்டால், தூக்கக் கலக்கத்தில் "கேசிஎல் ஒரு ஆம்பூல் போட்டுடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கேசிஎல் என்றால் பொட்டாசியம் குளோரைடு. அதை எதில் கலப்பது, எத்தனை மணி நேரம் ஓடவேண்டும், ஒன்றும் இல்லை. நான் அடுத்த பெட்டைப் பார்த்துவிட்டு வருவதற்குள், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண் ஆம்பூலில் இருந்த 10 மில்லியை அப்படியே சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டு நோயாளியின் கையைப் பிடித்திருந்தாள். கலக்காமல் நேராக ஏற்றினால் இதயமே நின்றுபோகும். நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்துவிட்டது.

திரும்ப ஃபோன் போட்டேன். அரை லிட்டர் சலைனில், நாலு மணி நேரம் என்று கேட்டு வாங்கும்போது "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு குத்தல் வேறு. காலையில் ரவுண்ட்ஸுக்கு வந்தவர் கேஸ் ஷீட்டில் முழு ஆர்டரையும் அழகாக எழுதி, 1.30 என்று நேரமும் போட்டுக் கையெழுத்திட்டார். அந்த ஊசி ஏறியிருந்தால் கோர்ட்டுக்குப் போவது அந்தத் தாள்தான். அதில் டாக்டர் சரியாகச் சொல்லியிருப்பார், சிஸ்டர் தப்பாகச் செய்திருப்பாள்.

அப்புறம் சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ-வில் கவனக்குறைவால் மரணம் என்றால் யாராக இருந்தாலும் அதிகபட்சம் 2 வருஷம். 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1)படி அது 5 வருஷம் வரை. சிகிச்சையின்போது நடந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 வருஷம் வரை. யார் மருத்துவர் என்பதற்கு விளக்கமும் அதிலேயே இருக்கிறது: மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். நம் பெயர் இருப்பதோ நர்சிங் கவுன்சிலில். ஒரே நோயாளி, ஒரே மருந்து, சொன்னவருக்கு 2, போட்டவளுக்கு 5! டாக்டர்மேல் வழக்குப் போடுமுன் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று 2005இலேயே உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லிவிட்டது. அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நமக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. இருபத்திரண்டு நோயாளிக்கு இரண்டு பேர் என்கிற இரவுகளில் நாலு மணி பிபியைப் பார்க்காமலே 120/80 என்று எழுதியிருக்கிறேன். அது வெறும் எழுத்து வேலை இல்லை, பொய். அந்த டாக்டர் போட்ட 1.30க்கும் என்னுடைய 120/80க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று உறைத்த பிறகுதான் நிறுத்தினேன். பார்க்காவிட்டால் இப்போது அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். இன்சார்ஜ் திட்டுவார், திட்டட்டும்.

ஃபோனில் ஆர்டர் வந்தால் மருந்து, அளவு, கலவை, நேரம் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லி, பக்கத்தில் ஒருத்தியைக் கேட்கவைத்து, நர்ஸ் நோட்ஸில் யார் எத்தனை மணிக்குச் சொன்னார் என்று அப்போதே எழுதிவிடுகிறேன். நேற்று ராத்திரியும் அப்படித்தான். "டேப் ரெக்கார்டர் மாதிரி பேசுறீங்களே சிஸ்டர்" என்றார் ட்யூட்டி டாக்டர். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு, 2.10 என்று நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.