மாத்திரையை நிறுத்தியவரைத் திட்டுவதற்கு முன்னால்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்ததும் வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். "அவ்வளவுதான், இனி தினம் ஒரு மாத்திரை" என்பார்கள். நான் இப்போது அந்த ஒரு மாத்திரையில்தான் இருக்கிறேன். லெட்ரோசோல், 2.5 மில்லிகிராம். நோய் திரும்பாமல் இருக்க, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை அடக்கும் மருந்து. குறைந்தது 5 வருடம்.

இந்த மாதிரி மாத்திரைகளைப் பாதியில் நிறுத்திவிடும் பெண்கள் நிறைய. பல ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் பாதிப் பேர்கூட 5 வருடத்தை முடிப்பதில்லை. இதைச் சொல்லும்போது டாக்டர்களிலிருந்து சொந்தக்காரர்கள் வரை எல்லோர் குரலிலும் ஓர் அலுப்பு இருக்கிறது: "உயிரைக் காப்பாற்றுகிற மருந்து, அதைப் போட்டுக்கொள்ள என்ன கஷ்டம்?" எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கீமோவையே தாங்கியவருக்கு மாத்திரை விழுங்கச் சோம்பலா வந்துவிடப்போகிறது?

மருந்தின் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மார்பகப் புற்றுநோய்களில் பத்துக்கு ஏழெட்டு ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்பவை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஈஆர் பாசிட்டிவ்' என்று சொல்வது அதைத்தான். இவற்றுக்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் என்ற மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காரவேண்டிய இடத்தில் தான் முந்தி உட்கார்ந்துகொள்ளும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் மூன்றுக்கும் வழி வேறு. மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பிலும் தசையிலும் அரோமடேஸ் என்ற நொதி கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜனைச் செய்துகொண்டே இருக்கும். இவை அந்த நொதியை முடக்கிவிடும். மாதவிடாய் நிற்காதவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றை மட்டும் கொடுத்துப் பயனில்லை, சினைப்பையை அடக்கும் ஊசியும் கூடவே வேண்டும்.

டமாக்சிஃபென் 1960களில் கருத்தடை மருந்தாகும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டு, அதில் தோற்றுப்போனது. அதை 5 வருடம் போட்டுக்கொண்டால் அடுத்த 15 வருடங்களில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பிற்பாடு தெரிந்தது. இதைவிடப் பெரிய உபகாரம் செய்த மாத்திரைகள் அதிகம் இருக்காது.

சிக்கல் என்னவென்றால், அந்த உபகாரம் கண்ணுக்குத் தெரியாது. "இந்த மாதம் உனக்கு வரவேண்டியது வராமல் போனது" என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. வலி மட்டும் தினமும் தெரியும். காலையில் எழுந்தால் என் விரல்கள் மடங்காது. மாத்திரை அட்டையின் பின்பக்கம் தாள் கிழிய, முன்பக்கம் கட்டைவிரலால் அழுத்தவேண்டும் இல்லையா, அந்த ஓர் அழுத்தலுக்கே மணிக்கட்டு வரை சுரீர் என்கிறது. எந்த மாத்திரையால் வலியோ, அதை வெளியே எடுக்கத்தான் இவ்வளவு பாடு! கொஞ்ச நேரம் நடமாடினால் கை கால் வழிக்கு வந்துவிடும். அதற்குள் யாராவது "வயசானா அப்படித்தான்" என்று சொல்லியிருப்பார்கள்.

இது வெளியே சொல்லக்கூடிய வலி. சொல்ல முடியாதது இன்னொன்று. பிறப்புறுப்பு வறண்டுபோய், தாம்பத்தியம் என்றாலே பயம் வந்துவிடும். இதைப் புருஷனிடமே சொல்லத் தயங்குகிற பெண், பின்னால் பத்துப் பேர் காத்திருக்க டாக்டரிடம் எங்கே சொல்வார்? அவர் கேட்பதும் "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்றுதான். "போடறேன் டாக்டர்." முடிந்தது. அடுத்த மூன்று மாதத்துக்கு மருந்துச் சீட்டு வந்துவிடும். இப்படிச் சீட்டை வாங்கிக்கொண்டே ஒருநாள் சத்தமில்லாமல் நிறுத்துகிறார்கள். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? "இந்த மாத்திரை உங்களை என்ன பாடு படுத்துகிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

ஏனென்றால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் மூன்றில் ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று ஒத்துக்கொள்ளலாம், டமாக்சிஃபெனுக்கு மாற்றியும் பார்க்கலாம். டாக்டர் கணக்கு வைத்துச் சில வாரம் இடைவெளி விடுவதும் உண்டு. மூட்டு வலிக்கு உடற்பயிற்சி உதவுகிறது என்பது ஆய்விலேயே தெரிந்த விஷயம் (வலிக்கும்போது எழுந்து நடக்கச் சொன்னால் கோபம்தான் வரும், ஆனால் உண்மை). வறட்சிக்கு ஹார்மோன் இல்லாத ஜெல்கள் இருக்கின்றன. திடீரென்று உடம்பு தகித்து வேர்த்துக் கொட்டுவதற்கு வென்லாஃபாக்ஸின் போன்ற மருந்து கொடுப்பார்கள். ஆனால் டமாக்சிஃபெனில் இருப்பவர்கள் பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்துகள் பக்கம் போகக்கூடாது, கல்லீரல் டமாக்சிஃபெனை வேலைசெய்யும் வடிவத்துக்கு மாற்றுவதை அவை தடுக்கும். அதனால் மனநல டாக்டரிடமும் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். என்னைப் போல அரோமடேஸ் மருந்தில் இருப்பவர்கள் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். டமாக்சிஃபெனில் இருந்துகொண்டு மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால், அல்லது ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

நிறுத்துவதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசலாம். குழந்தை வேண்டும் என்ற இளம்பெண்கள் ஒன்றரை முதல் இரண்டரை வருடம் மருந்து எடுத்தபின் இரண்டு வருடம் வரை நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2023இல் வந்தது. அந்தக் குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்டகாலக் கணக்கு இனிமேல்தான் வரவேண்டும். ஆனால் தானாக நிறுத்துவதற்கும் டாக்டரோடு பேசி நிறுத்துவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அப்புறம், இறப்பு 'மூன்றில் ஒரு பங்கு' குறைகிறது என்றேனே, அது எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆபத்து நூற்றுக்கு 30 உள்ளவருக்கு அது 20 ஆகும், 6 உள்ளவருக்கு 4 ஆகும். "என் கணக்கு எவ்வளவு?" என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு, மாற்றுவழிகளையும் பார்த்துவிட்டு ஒருவர் "எனக்குப் போதும்" என்று முடிவெடுத்தால், நான் அவரோடு சண்டைக்குப் போகமாட்டேன். எனக்கு என் எண் தெரியும், அதனால் தொடர்கிறேன். அடுத்த மாதம் எக்ஸெமெஸ்டேனுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கமெண்டில் வைத்தியம் சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "இயற்கை" என்று விற்கும் சில மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும் சரக்கு இருக்கிறது. அதை ஈஆர் பாசிட்டிவ் ஆளுக்குச் சிபாரிசு செய்யாதீர்கள். இந்த மாத்திரையில் இருப்பவர்கள் எந்தத் தொந்தரவை இன்னும் டாக்டரிடம் சொல்லவில்லை என்று எழுதுங்கள். கமெண்டில் போடக் கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.